பாதியில் நிற்கும் பெட்ரோல்

குடத்தைச் சாய்த்து நீரை ஊற்றும்போது 'களக், களக்' என்று ஓசை எழுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவ்வோசையை எழுப்புவது நீர் மட்டுமன்று. நீர் நீங்கிய இடத்தை நிரப்புவதற்காகக் குடத்துக்குள் புகும் காற்றுக்கும் அதில் பங்குண்டு. குடத்துக்கு வாய் ஒன்றே. அதன் வழியே போகவேண்டியவர்களோ இருவர். ஆதலால் நீர் சிறிது வெளியே வருகிறது. பிறகு காற்றுச் சிறிது உள்ளே போகிறது. இப்படி முறைவைத்துக்கொண்டு இரண்டும் மாறி மாறிப் போவதே அந்தக் களகளப்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய இதுதான். ஆனால் குடத்துக்குப் பதிலாக மோட்டார் காரின் தொட்டியையும், கிணற்றங்கரைக்குப் பதிலாகப் பெட்ரோல் பங்கையும் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

மாணவ நேயர்களே, பெட்ரோல் பங்கில் நீங்கள் நின்றிருப்பீர்கள். பணியாளர் நாசிலின் மூக்கைக் காரின் தொட்டிக் கழுத்தில் செருகுகிறார். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்திக் கொக்கியில் மாட்டிவிடுகிறார். பிறகு கையை எடுத்துவிட்டு அடுத்த வண்டிக்காரருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறார். தொட்டி நிறைந்ததும் 'டக்' என்று ஓர் ஓசை. பெட்ரோல் தானாகவே நின்றுவிடுகிறது. இதனைப் பங்கில் உள்ளவர்கள் 'ஆட்டோ கட்' என்று சொல்வார்கள். நாள்தோறும் காண்பதாகையால் இதைக் கண்டு யாரும் வியப்பதில்லை.

ஆனால் சில வேளைகளில் இந்த ஏற்பாடு எரிச்சலை மூட்டுகிறது. தொட்டியில் கால்பங்குகூட நிறைந்திராது. 'டக்' என்று நின்றுவிடும். மறுபடியும் அழுத்தினால் ஒரு லிட்டர் போகும், மறுபடியும் 'டக்'. நாலைந்து முறை இவ்வாறு நடந்தால் வண்டிக்காரருக்குப் பொறுமை போய்விடுகிறது. 'நாசில் கெட்டுவிட்டது' என்கிறார் ஒருவர். 'ஏதோ ஏமாற்றுவேலை நடக்கிறது' என்று நினைக்கிறார் மற்றொருவர். தொட்டி நிறைந்ததை அந்த நாசில் எவ்வாறு அறிகிறது என்பது தெரிந்தால், நிறையாதபோது அது ஏன் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாசிலுக்குத் தொட்டியைப்பற்றி எதுவும் தெரியாது. தொட்டி பெரிதா சிறிதா, அதில் எவ்வளவு இருக்கிறது என்பதையெல்லாம் அது அளப்பதில்லை. அதன் உள்ளே மின்சாரக் கருவி எதுவும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. தன் மூக்கு நுனியில் உள்ள ஒரு சிறு துளைக்குக் காற்றுக் கிடைக்கிறதா, இல்லையா என்ற ஒரே செய்தியைத்தான் அது அறியும்.

அந்தத் துளை, மூக்கின் நுனிக்கு அருகிலேயே இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழல் மூக்கின் உட்புறமாகவே பின்னோக்கி ஓடி, கைப்பிடியின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறிய அறையைச் சேர்கிறது. அந்த அறையின் ஒரு சுவர் உலோகமன்று, வளையக்கூடிய சவ்வு. இனி, பெட்ரோல் வரும் பெருவழியைப் பாருங்கள். கைப்பிடிக்குள் அது ஓரிடத்தில் மிக இடுக்கான வாயில் ஒன்றின் வழியே விரைந்து பாயவேண்டியிருக்கிறது. அந்த இடுக்கில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவையும் மேற்சொன்ன சிறு அறையோடு தொடர்புடையவை. இடுக்கில் விரைந்தோடும் பெட்ரோல், இத்துளைகளின் வழியாக அறையில் உள்ள காற்றை இடைவிடாது உறிஞ்சி இழுத்துச் செல்கிறது. போன காற்றுக்கு ஈடாக மூக்கு நுனித் துளையின் வழியே புதுக் காற்று வந்துகொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை சவ்வு அசையாமல் நிற்கும்.

தொட்டி நிறைந்து பெட்ரோல் மேலேறி அந்தத் துளையை மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு நிற்கவில்லை, இடுக்கு உறிஞ்சிக்கொண்டேயிருக்கிறது. வரவோ தடைப்பட்டுவிட்டது. காற்று நுழைந்த எளிமையோடு திரவம் அந்த மெல்லிய குழலில் ஏறிவர இயலாது. கண் இமைக்கும் நேரத்தில் அறையில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வோடு ஓர் ஊசி பிணைக்கப்பட்டிருக்கிறது. சவ்வு நகர்ந்ததும் அந்த ஊசி தன் இடத்தைவிட்டு நழுவுகிறது. அந்த ஊசிதான் கைவிசைக்கு ஆதாரப்புள்ளியாக உள்ள தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நெம்புகோலுக்கு ஆதாரப்புள்ளி வேண்டும் என்று பள்ளியிலே படித்திருக்கிறோம். ஆதாரம் போனபின் நெம்புகோல் வெறும் இரும்புத் துண்டே. எவ்வளவுதான் அழுத்திப் பிடித்திருந்தாலும் அது தொளதொளத்துவிடுகிறது. பெருவழியின் வால்வைச் சுருள்வில் படாரென்று சாத்திவிடுகிறது. நாம் கேட்ட 'டக்' அதுதான்.

இடுக்கில் ஓடும் திரவம் பக்கத்தில் உள்ள காற்றை ஏன் உறிஞ்ச வேண்டும்? இங்கேதான் மாணவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். தேர்த் திருவிழாவில் கூட்டம் ஒரு சந்துக்குள் நுழையும்போது நெருக்குண்பதை நாம் கண்டிருக்கிறோம். எனவே குழாயின் இடுக்கிலும் அழுத்தம் மிகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நடப்பது நேர்மாறு. சந்துக்குள் நுழையும் மக்கள் நடையைத் தளர்த்துகிறார்கள். திரவத்துக்கோ அது இயலாது. அகலமான பகுதியில் ஒரு நொடியில் எவ்வளவு திரவம் கடக்கிறதோ, அவ்வளவும் இடுக்கிலும் ஒரு நொடியில் கடந்தாக வேண்டும். ஆகவே இடுக்கில் அதன் வேகம் மிகுகிறது. வேகம் தானாக மிகுமா? பின்னாலிருந்து ஒன்று தள்ளினால்தான் மிகும். பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதைவிட மிகுதியாக இருந்தால்தான் அந்தத் தள்ளுதல் நடைபெறும். அஃதாவது, இடுக்கில் அழுத்தம் குறைவாக இருந்தே தீர வேண்டும். டேனியல் பெர்னூலி 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்துக்கு அடிகோலினார். இத்தாலியரான ஜியோவன்னி பத்திஸ்தா வெஞ்சுரி 1797ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில், ஓடும் நீர் பக்கத்தில் உள்ளவற்றை எவ்வாறு தன்னோடு இழுத்துச் செல்கிறது என்பதைச் சோதனைகளால் விளக்கினார். வெஞ்சுரி ஒரு பாதிரியார். லியனார்டோ டா வின்சியின் கையேடுகளை ஆராய்ந்து, அவ்வோவியர் அறிவியலாளரும் ஆவார் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர். அவர் காலத்தில் மோட்டார் காரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இன்று ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் அவருடைய சோதனை நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

கல்லூரி மாணவர்கள் வேதியியல் கூடத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். வடிகட்டும் குடுவையில் காற்றை உறிஞ்சுவதற்காகத் தண்ணீர்க் குழாயில் மாட்டும் பம்பு இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டரும் இவ்வகையே; அங்கே காற்று இடுக்கில் ஓடிப் பெட்ரோலை உறிஞ்சும், இங்கே பெட்ரோல் இடுக்கில் ஓடிக் காற்றை உறிஞ்சும்.

ஆகவே, நாசில் 'டக்' என்று நின்றால் அதன் பொருள் 'தொட்டி நிறைந்தது' என்பதன்று. 'என் மூக்கு நுனிக்குக் காற்று வரவில்லை' என்பதே. பெரும்பாலும் இவ்விரண்டும் ஒன்றாகவே நிகழ்வதால் நாம் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. தொல்லை எழும்போதுதான் வேறுபாடு புலப்படுகிறது.

வீட்டில் செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். பெட்ரோலைத் தொட வேண்டா, தண்ணீரே போதும். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் வாயில் காம்பு குறுகலான புனல் ஒன்றை வைத்து, சுற்றியுள்ள இடைவெளியைச் சப்பாத்தி மாவால் நன்றாக அடைத்துவிடுங்கள். புனல் நிறையத் தண்ணீரை ஊற்றுங்கள். சிறிது இறங்கும், பிறகு நின்றுவிடும். பாட்டில் காலியாகத்தானே இருக்கிறது, ஏன் இறங்கவில்லை? பாட்டில் காலியாக இல்லை. அதில் நிறையக் காற்று இருக்கிறது. அது போக வழியில்லை. இப்போது மாவின் ஊடே பானம் உறிஞ்சும் குழல் ஒன்றைச் செருகுங்கள். தண்ணீர் சரசரவென்று இறங்கும். குழலின் வாயை விரலால் மூடுங்கள், நின்றுவிடும். விரலை எடுங்கள்; மீண்டும் இறங்கும். காரின் தொட்டியில் நடப்பதெல்லாம் இந்தப் பாட்டிலில் அடக்கம்.

பங்கில் உள்ள பம்பு நிமிடத்துக்கு 35 லிட்டர் பெட்ரோல் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் ஏறத்தாழ அரை லிட்டருக்குச் சற்று மேலாகத் தொட்டிக்குள் போகிறது. அதே நொடியில் அதே அளவு காற்றும் பெட்ரோல் ஆவியும் தொட்டியைவிட்டு வெளியேற வேண்டும். அதற்காகவே தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு சிறு குழாய் புறப்பட்டு, பெரிய நிரப்புக்குழாயின் பக்கத்திலேயே ஏறிவந்து, மூடிக்கு அருகில் கழுத்தோடு சேர்கிறது. பாட்டிலில் நாம் செருகிய உறிஞ்சுகுழலுக்கு இது நிகர். இக்குழாயில் சேறோ தூசியோ அடைத்துக்கொண்டால், அல்லது அது மடிந்து நசுங்கிப் போனால், உள்ளே அகப்பட்ட காற்று என்ன செய்யும்? பெட்ரோல் வரும் பெரிய வழியிலேயே எதிர்த்து ஏறிவரும். அப்போது குடத்தின் களகளப்புக் காரின் கழுத்தில் கேட்கும். பெட்ரோல் நுரைத்துப் பொங்கித் தெறிக்கும், கழுத்திலேயே தேங்கும். அந்த நுரையும் தெறிப்பும் மூக்கு நுனித் துளையை மூடியதும் நாசில் நின்றுவிடும். தொட்டி காலி, கழுத்து மட்டும் நிறைந்துவிட்டது. நாசிலுக்குத் தெரிந்தது கழுத்து மட்டுமே. அரை நிமிடம் சென்றால் கழுத்தில் தேங்கியது இறங்கிவிடும், அழுத்தினால் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும்.

தடை எங்கே என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். சில கார்களில் நிரப்புக்குழாயின் அடிமுனையில், பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்க ஒரு சிறு கதவு உண்டு. அது சரியாகத் திறக்காமல் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து படிப்படியாக வந்த கார்களில், நிரப்பும்போது வெளியேறும் ஆவி கழுத்தின் வழியே வெளிவராமல் கரி நிரம்பிய ஒரு பெட்டிக்குள் போக வேண்டும் என்பது சட்டம். ஆவியைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். பின்னர் எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கரிப்பெட்டி அடைபட்டால், அல்லது அதன் வெளிவாயிலில் உள்ள வால்வு திறக்காமல் நின்றுவிட்டால், காரில் பெட்ரோல் போடுவதே பெரும்பாடாகிவிடும். அந்நாட்டு மெக்கானிக்குகள் 'நாசில் அடிக்கடி நிற்கிறது' என்ற புகார் வந்தால் முதலில் கரிப்பெட்டியின் பக்கந்தான் பார்க்கிறார்கள்.

நாசிலிலும் குற்றம் இருக்கலாம். மூக்கு நுனித் துளையில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம், முன்பு நிரப்பியபோது புகுந்த ஒரு துளி பெட்ரோல் குழலில் தங்கியிருக்கலாம், சவ்வு பழுதடைந்திருக்கலாம். மூக்கைச் செருகிய கோணம் சரியில்லாமல் பெட்ரோல் கழுத்தின் சுவரில் மோதித் தெறிப்பதும் உண்டு. அப்போது நாசிலைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாலே போதும். டீசலுக்கு நுரைக்கும் குணம் சற்று மிகுதி. ஆதலால் டீசல் வண்டிகளில் இத்தொல்லை அடிக்கடி நேர்கிறது.

குற்றம் காரிலா, நாசிலிலா என்று எப்படி அறிவது? ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் விளங்கும். திண்டிவனத்துக்கு அருகே நெடுஞ்சாலையில் உள்ள ஒரு பங்கில் நான் காத்திருந்தபோது கண்டது இது. எனக்கு முன்னால் நின்ற காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவள் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நாசில் நின்று நின்று ஓடியது. நான்காம் முறை நின்றதும் காரின் உரிமையாளர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, ரெண்டாயிரத்துக்குப் போடச் சொன்னா நாலு தடவை நிறுத்தறியே, இது என்ன கணக்கு?"

"நான் நிறுத்தலைங்க சார். அதுவாத்தான் கட் ஆவுது."

"அதுவா எப்படி ஆகும்? எல்லாம் எனக்குத் தெரியும். மேனேஜரைக் கூப்பிடு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் அதனை மெய்ப்பிக்கும் வழி அவளுக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் கைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய வேலையே போய்விடக்கூடிய நிலை. மேலாளர் வந்தார். நல்லவேளையாக அவர் கத்தவில்லை. ஐந்து லிட்டர் அளவுக் கலத்தைக் கொண்டுவரச் சொன்னார். எடையளவு அதிகாரிகள் முத்திரையிட்ட இந்தக் கலம் நம் நாட்டில் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும்; வாடிக்கையாளர் யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையில்தான் வேறுபாடு இருக்கலாம் என்பது விதி. அதே நாசிலால் கலத்தில் பிடித்தார்கள். ஒருமுறைகூட நிற்காமல் ஐந்து லிட்டர் சரியாக வந்தது. அடுத்து நின்ற என் காருக்கும் அதே நாசிலால் போடச் சொன்னேன். அதுவும் நிற்கவில்லை.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற உரிமையோடு நான் அந்த உரிமையாளரிடம், "உங்கள் வண்டியின் பின்புறத்தில் அண்மையில் வேலை ஏதேனும் நடந்ததா?" என்று கேட்டேன். முந்திய மாதம் யாரோ பின்னாலிருந்து மோதியதாகவும், ஒரு பட்டறையில் தகட்டு வேலை பார்த்ததாகவும் சொன்னார். "தொட்டியின் சிறு காற்றுக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றேன். அதுவரையில் விசையை முழுவதும் அழுத்தாமல் மெதுவாக ஓடவிடுமாறு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். காற்றுக்கு வழி குறுகியிருந்தால் பெட்ரோலின் வரவையும் குறைத்துக்கொள்வதே தற்காலிக மருந்து. எஞ்சிய தொகைக்கும் நிற்காமல் போயிற்று. சிறு குழாய் மடிந்து கிடந்ததைக் கண்டு சரிசெய்துவிட்டார்கள் என்று அவரே இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் தெரிவித்தார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். சொன்னாரோ இல்லையோ.

அங்கே நடந்தது ஒரு நல்ல அறிவியல் சோதனை என்பதைக் கவனியுங்கள். நாசிலை மாற்றாமல் வண்டியை மட்டும் மாற்றிப் பார்த்தோம், தொல்லை நீங்கியது. ஆகவே குற்றம் வண்டியில். வேறு வேறு வண்டிகளுக்கும் ஒரே நாசில் நின்று நின்று போனால் குற்றம் நாசிலில். ஒரே வண்டி எந்தப் பங்குக்குப் போனாலும் தகராறு செய்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் நாம் ஓயாமல் சொல்கிறோமே, அதுதான் இது.

இடையில் நிற்பதால் பெட்ரோல் குறையுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அளக்கும் கருவி பம்பின் உள்ளே இருக்கிறது. நாசில் அதற்கு அப்பால், ரப்பர் குழாயின் கோடியில் இருக்கிறது. அந்த ரப்பர் குழாய் எப்போதும் பெட்ரோலால் நிரம்பியே இருக்கும். நாசில் மூடிய உடனே ஓட்டம் நிற்கிறது. ஓட்டம் நின்றால் அளவியும் நிற்கிறது. தொடக்கத்தில் எண் பூச்சியத்தில் இருந்ததா, இடையில் நின்றபோது அது மீண்டும் பூச்சியத்துக்குப் போகாமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஏமாற்று எங்குமே நடப்பதில்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஏமாற்றுக்கு 'ஆட்டோ கட்' சான்றாகாது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் நம்மிடையே உண்டு. தொட்டி மெய்யாகவே நிறைந்து நாசில் நின்றபின்னும், 'இன்னும் கொஞ்சம் போகும், போடு' என்பார்கள். பணியாளரும் நாசிலைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். ரூபாய்க் கணக்கை முழுதாக்குவதற்காகவும் இப்படிச் செய்வதுண்டு. இது கூடாது. காரணம் பல.

நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், வெயிலில் நிற்கும் காரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். சூடேறினால் பெட்ரோல் விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கும் சற்று மிகுதியாக விரிகிறது. அதற்கென்று தொட்டியின் உச்சியில் காற்றிடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தையும் நாமே நிரப்பிவிட்டால் விரியும் பெட்ரோல் எங்கே போகும்? சிறு குழாய்களின் வழியே கரிப்பெட்டிக்குள் போகும். நம் நாட்டுக் கார்களிலும், தொட்டி வெயிலில் கக்கும் ஆவியைப் பிடிக்கக் கரிப்பெட்டி உண்டு. அந்தக் கரி ஆவியைப் பிடிப்பதற்கு ஏற்பட்டது. திரவத்தில் ஊறினால் கெட்டுவிடும். கெட்ட கரிப்பெட்டி காற்றின் வழியை அடைக்கும். பிறகு நாசில் அடிக்கடி நிற்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் என்று கேட்டவர், சில மாதங்களில் பாதி தொட்டிகூட நிரப்ப முடியவில்லையே என்று புலம்புவது இப்படித்தான். கோடைக்காலத்தில் தொட்டியை நிரப்பினால் வெடித்துவிடும் என்று ஆண்டுதோறும் ஒரு வதந்தி உலவுகிறது. அது வெறும் பயமுறுத்தல். முதல் 'டக்' வரையில் நிரப்புவதால் எந்தத் தீங்கும் இல்லை.

சொட்டுச் சொட்டாக விடுவதில் வேறோர் இடரும் உண்டு. இடுக்கில் பெட்ரோல் விரைந்து ஓடினால்தான் உறிஞ்சும் ஆற்றல் பிறக்கும் என்று கண்டோம். மிக மெதுவாக விட்டால் அந்த ஆற்றல் போதாது. துளை மூடினாலும் சவ்வு அசையாது. காவலாளி உறங்கும் நேரம் அது. கழுத்து நிரம்பி வழிந்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட என் உள்ளத்தை உறுத்துவது, அருகில் நிற்கும் பணியாளரின் மூச்சு. தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவிக்காற்று வெளியே வருகிறது. அமெரிக்கக் கார்களைப்போல அதனைக் கரிப்பெட்டி வாங்கிக்கொள்ளாத இடத்தில், அது மூடி வாயிலின் வழியே குனிந்து நிற்பவரின் முகத்தில்தான் வீசும். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அதன் அளவு நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்று நம் நாட்டுத் தரவிதி கட்டுப்படுத்துகிறது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதில் அறிஞர்களிடையே ஐயமில்லை. நமக்கு இது மாதத்துக்கு இரண்டு நிமிடம். அந்தப் பெண்ணுக்கு நாள் முழுவதும். அவளை இன்னும் சற்று நேரம் குனிந்து நின்று, வாயிலுக்குள் கண்வைத்துச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வது நியாயமில்லை. கலிபோர்னியாவில் 1970களிலேயே, ஆவியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் நாசில்களைப் பங்குகளில் வைத்தார்கள். மூக்கைச் சுற்றி ரப்பர் உறை ஒன்று இருக்கும். அதனைக் காரின் வாயோடு அழுத்திப் பிடித்தால்தான் பெட்ரோல் வரும். சரியாக அழுத்தாவிட்டால் நின்றுவிடும். மக்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. காரிலேயே கரிப்பெட்டி ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடு பரவியபின், 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அத்தகைய நாசில்களைக் கைவிட மாநிலங்களுக்கு இசைவளித்தது.

தொட்டியின் காற்றுவழியைச் சேறும் மடிப்பும் மட்டுமன்றி உயிரினங்களும் அடைத்துவிடும். 2011ஆம் ஆண்டில் மஸ்தா நிறுவனம் வட அமெரிக்காவில் தன்னுடைய 'மஸ்தா 6' கார்களில் ஏறத்தாழ 65,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கரிப்பெட்டியின் காற்றுக்குழாய்க்குள் மஞ்சள் நிறமுள்ள ஒருவகைச் சிலந்தி வலை பின்னிக் குடியிருந்ததே காரணம். அங்கே நேர்ந்தது நாம் பேசியதற்கு மறுபக்கம்: எஞ்சின் ஓடும்போது தொட்டிக்குள் வரவேண்டிய காற்று வர வழியில்லாமல், உள்ளே அழுத்தம் குறைந்து, தொட்டியே வெடிப்புற்றுக் கசியக்கூடிய நிலை. சிலந்தி நுழையாதவாறு குழாயில் ஒரு சுருள்வில்லைப் பொருத்தி அனுப்பினார்கள். பெட்ரோல் மணம் அச்சிலந்திக்குப் பிடித்திருக்கிறது போலும் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 2014ஆம் ஆண்டில் அதே வகைக் கார்கள் ஏறத்தாழ 42,000 மீண்டும் பட்டறைக்கு அழைக்கப்பட்டன. சுருள்வில் இருந்தும் சிலந்தி உள்ளே புகுந்து வலை பின்னியிருந்தது.